மதுரைக்கும் கொச்சிக்கும் நடுவில்

விமானம் போய்விட்டது. சத்தம் மட்டும் போகவில்லை.

ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரின் அடுப்பு வாயில் பாதி நுழைத்த விறகைப் பிடித்தபடியே அன்னக்கொடி நின்று கேட்டாள். தினமும் மதியக் கஞ்சி குடித்து முடிக்கிற நேரத்துக்கு மதுரையிலிருந்து கொச்சிக்குப் போகிற விமானம் அது. கிழக்கே போடிப் பக்கத்துப் பள்ளத்திலிருந்து வண்டு மாதிரி இரைந்துகொண்டு எழும்பும், ஸ்டோரின் தகரக் கூரையை லேசாக அதிர வைக்கும், மேற்கே சோலைக்காட்டுக்கு அப்பால் போய்க் கரைந்துவிடும். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டு முதல் சாறு துப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இன்றைக்கும் வந்தது. தலைக்கு மேல் வந்ததும் சத்தம் மட்டும் அங்கேயே தங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, மரக்கிளை உயரத்துக்கு வந்து, ஆளை மறைக்கிற அளவுக்கு வளர்ந்து நிற்கும் ஏலச் செடிகளுக்குள் புகுந்து, கீழே பள்ளத்தில் இலைக்கடியில் எங்கோ முனகிக்கொண்டு கிடந்தது.

இன்றைக்கு அந்த விமானத்தில் அவள் மகள் பொன்னுமணி இருந்தாள்.

எமர்ஜென்சி முடிந்த வருடத்துக் காய்ப்பு. அப்படியொரு காய்ப்பை மலையில் யாரும் பார்த்ததில்லை. ஸ்டோர் அடுப்பு அணையவே இல்லை. பச்சைக் காய் மூட்டை வந்து விழ விழத் தட்டுகளில் பரப்ப வேண்டும், அடுப்புச் சூடு குழாய் வழியாக உள்ளே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், சூடு ஏறினால் காய் வெளுத்து வெடிக்கும், இறங்கினால் வியர்த்துக் கறுக்கும், இரண்டுக்கும் நடுவில் ஒரு பச்சை உண்டு, அந்தப் பச்சைக்குத்தான் போடியில் விலை. அந்தப் பச்சையைக் காப்பது அன்னக்கொடியின் சோலி. புருஷன் இருந்தவரை இருவருமாகப் பார்த்தார்கள். இப்போது ஒருத்தியாக. கண்ணை மூடினால் இமைக்குள்ளேயும் புகை இருந்தது. நின்றபடியே தூங்கவும், தூங்கியபடியே விறகு தள்ளவும் அவள் உடம்பு பழகிவிட்டிருந்தது.

விமானச் சேதியை முந்தின வாரமே ஜீப் டிரைவர் ஜக்கையன்தான் முதலில் கொண்டுவந்தான். பொன்னுமணி போடியில் முதலாளி வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னது, பிளேன்லயா?"

"ஆமாக்கா. முதலாளி மருமகளுக்குக் கொச்சிதான பெறந்த வீடு. போன தடவ பஸ்சுல போயி, பச்சப்புள்ள வளைவு வளைவுக்கு வாந்தி எடுத்து எளச்சுப்போச்சு. அதான் இந்தத் தடவ மதுரைக்குப் போயி பிளேன் ஏறுறாக. புள்ளயத் தூக்கிக்கிற ஒம்மகளும் போகுது."

"எம்மக பஸ்சுல சன்னல் ஓரத்துல ஒக்காரவே பயப்படுவா."

"பயப்படுறதுக்கு அங்க நேரமே இல்லக்கா. ரோட்டுல இந்த மலைய ஏறி எறங்கிக் கொச்சி போகணும்னா, விடிய ஏறுனா பொழுது சாஞ்சிரும். நேர்கோடு போட்டா மதுரைக்கும் கொச்சிக்கும் நூத்தியிருவது மைலுதான். பிளேனுக்கு முக்கா மணி நேரம். நீ எல்லாத் தட்டுலயும் காயப் பொரட்டி முடிக்கிறதுக்குள்ள அது அங்கன எறங்கி நிக்கும்."

அன்னக்கொடிக்கு அது பிடிபடவில்லை. "நேர்கோடுங்கிறியே, அதுக்கு நட்ட நடுவு எங்கன வரும்?"

ஜீப்பின் முன்மூடியில் படிந்திருந்த புழுதியில் ஜக்கையன் விரலால் கோடு இழுத்தான். "இது மதுரை. இது கொச்சி. நடுவு..." விரல் நின்றது. அவனுக்கே சிரிப்பு வந்தது. "இங்கனதாங்க்கா. ஓன் ஸ்டோருக்கு மேல."

"அப்ப எம்மக எந்தலைக்கு மேல போவாங்கிற."

"ஆமா. அன்னைக்குக் கொஞ்சம் பொகையக் கொறச்சு வையி. புள்ளைக்குக் கண்ணு எரியப் போகுது."

அவளும் சிரித்தாள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்வதற்குக்கூட ஒரு தெம்பு வேண்டியிருந்தது. ஸ்டோருக்குள் காய் புரட்டுகிற நேரம் வந்துவிட்டது. போய்விட்டாள்.

ஏலக்காட்டுக்குள் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. செடிக்கு நடுவே உட்கார்ந்து காய் எடுக்கிறவளைப் பக்கத்துச் செடிக்காரிக்குத் தெரியாது. மஞ்சு மூடுபனியாக இறங்கிவிட்டால் தன் கையே தனக்குத் தெரியாது. அதனால் கூவிக்கொள்வார்கள். ஒருத்தி "கூ" என்பாள், மற்றவள் "கூ" என்பாள், அவ்வளவுதான். பேர் என்பது லயத்து வரிசை வீட்டுக்குத் திரும்பிய பிறகு. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் பிள்ளை பெற்ற வலியிலும், பாம்பு கடித்த வலியிலும்கூட அங்கே யாரும் பேரைச் சொன்னதில்லை.

இன்றைக்கு மதியம் மஞ்சு சீக்கிரமே இறங்கியது. பள்ளத்தில் காய் எடுத்துக்கொண்டிருந்த மொக்கம்மாளுக்குத்தான் முதலில் இரைச்சல் கேட்டது.

"மதினி! ஓன் மகாராணி வர்றா! வெளிய வந்து ஒரு கும்பிடு போடு!"

பள்ளத்துப் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி கூவினாள். பிறகு எல்லோரும் வானத்தைப் பார்த்துக் கூவினார்கள், மஞ்சுக்குள் இங்கொன்றும் அங்கொன்றுமாக. ஸ்டோருக்குள் காய் புரட்டிக்கொண்டிருந்த அன்னக்கொடி வெளியே ஓடி வந்தாள். உள்ளே நெருப்புச் சூடு, வெளியே மஞ்சுக் குளிர். தலை ஒரு சுற்றுச் சுற்றியது. தூக்கமா விழிப்பா என்று தெரியாத கண்ணுக்கு வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு மேலே, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற மாதிரி, அவள் மகள் போய்க்கொண்டிருந்தாள். பாதித் தூரம் வந்துவிட்டாள். இன்னும் பாதிதான்.

"பொன்னுமணீ... ஆத்தா இங்கன இருக்கேன்டீ..."

கூவல்கள் ஒன்றாக அறுந்தன.

கொஞ்ச நேரம் கழித்து மொக்கம்மாள் செடிகளை விலக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறி வந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை.

"ஏன் மதினி பேரச் சொன்ன?"

"வானத்துல போறவளத்தான கூப்புட்டேன். காட்டுக்குள்ள யாரயும் கூப்புடலயே."

"நீ நின்னு கூப்புட்டது காட்டுலல்ல?"

அன்னக்கொடி அடுப்புக்குத் திரும்பினாள். விறகை எடுத்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம் இன்னும் போகவில்லை என்பது அவளுக்கு உறைத்தது. மொக்கம்மாளுக்கும் அது கேட்டது போலிருக்கிறது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பள்ளத்துக்கு இறங்காமல் லயத்துப் பக்கம் நடந்தாள். இலைக்கடியில் கிடந்த இரைச்சல் மெலிந்தது. நூலாக இழைந்தது. இழைந்து இழைந்து கடைசியில் ஒரு சொல்லாக முடிந்தது.

"ஆத்தா."

பொன்னுமணியின் குரல். தூக்கத்திலிருந்து எழுந்து தண்ணீர் கேட்கிற குரல்.

விமானம் விழுந்துவிட்டது என்றுதான் அவள் நினைத்தாள். அந்த நினைப்போடு பொழுது சாயும்வரை அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. ஜக்கையன் ஜீப்பை நிறுத்திக் குதித்தபோது அவன் வாயையே பார்த்தாள்.

"எறங்கியாச்சுக்கா! சொகமா எறங்கியாச்சு. முதலாளி மண்டிக்கு ட்ரங்கால் வந்துச்சு. சொன்னாப்புல முக்கா மணி நேரந்தான்."

"பொன்னுமணி?"

"அதுவும்தான். ஏங்க்கா இப்பிடிப் பாக்குற?" ஏற்ற வேண்டிய மூட்டைகளை எண்ணப் போனவன் திரும்பினான். "ஒன்னே ஒன்னுதான். ஏறுறப்ப கலகலன்னு பேசிக்கிட்டே ஏறுச்சாம். பாதி வழியில இருந்து வாயே தெறக்கலயாம். கேட்டா ஒதட்ட அசைக்குதாம், சத்தம் வரலயாம். ஒசரத்துல காது அடைக்கும்ல, தொண்டையும் அடைச்சிருக்கும். ரெண்டு நாள்ல சரியாயிரும்."

ஜீப் இறங்கிப் போன பிறகு, வளைவுகளில் அதன் வெளிச்சம் தேய்ந்த பிறகு, பள்ளத்திலிருந்து அந்தக் குரல் கேட்டது. "ஆத்தா, நான் பாதியிலயே எறங்கிட்டேன்."

மறுநாளும் மஞ்சு இறங்கும்போது அது வந்தது. அதற்கடுத்த நாளும். வெயில் இருக்கும்வரை ஒன்றும் இல்லை. இலைகளின் நுனி மறையத் தொடங்கியதும் பள்ளத்தின் அடியிலிருந்து, மக்கிய இலையின் வாடையோடு, நனைந்த மண்ணின் வாடையோடு அது ஏறி வரும். மொக்கம்மாள் பெண்களை வேறு சரிவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். பள்ளத்துக் காய் பழுத்து வெடித்தது.

"பதில் மட்டும் சொல்லிராத மதினி. குறி சொல்ற கோடாங்கிகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருவமா?"

"அடுப்ப யார்கிட்ட விட்டுட்டு வர? காய் முடியட்டும்."

காய் முடிவதாக இல்லை. அவள் காதில் துணி அடைத்துக்கொண்டாள். தட்டுகளைத் தட்டினாள். அடுப்பில் ஈர விறகை வைத்து வெடிக்க விட்டாள். அந்தச் சத்தங்களுக்கு இடையில், நெருக்கமாக, பொறுமையாக:

"ஆத்தா, காலே ஊனல. எல்லாம் எலையா இருக்கு."

"ஆத்தா, பசிக்குது."

"அடுப்பு வெளிச்சம் தெரியுது. வரட்டா?"

பயத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது வேறொன்று. அது தன் மகளின் குரல்தானே. அங்கே கொச்சியில் வாயடைத்துக் கிடக்கிறவளுக்குச் சொந்தமானது இங்கே குளிரில் கிடந்து சோறு கேட்கிறது. தான் கூப்பிட்டதால் இறங்கியது. தான்தான் வா என்று சொல்லாமல் நிற்க வைத்திருக்கிறோம். ஒவ்வொரு நாளும் உதட்டைக் கடித்துக்கொண்டு விறகு தள்ளினாள்.

பொன்னுமணியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வாய் பேசாதவளிடம் குழந்தையை எப்படி விடுவது? பஸ்சில் போடிவரை வந்து, அங்கிருந்து ஜக்கையனின் ஜீப்பில் ஏறி வந்தாள். இறங்கியதும் ஆத்தாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பழைய கனம்தான், பழைய எண்ணெய் வாடைதான். தோள் குலுங்கியது, அழுகைக்கும் சத்தம் இல்லை.

"டாக்டர் பாத்துட்டாராம்க்கா. தொண்டையில ஒரு கோளாறும் இல்லன்னுட்டாராம்," என்றான் ஜக்கையன். "நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன், போடியிலயும் ஒருக்கா காட்டுவோம். ஏ புள்ள, எதுக்கு அழுகுற? வெரசா பேசிருவ. அப்பறம் ஒன்னய நிறுத்தச் சொல்லித்தான் நாங்க அழுவோம்."

அவன் போய்விட்டான். அன்னக்கொடி மகளை அடுப்போரம் உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தாள். எழுதிக் காட்டச் சொல்ல மகளுக்கு எழுத்தும் தெரியாது. உதடுகள் அசைந்தன. பெற்றவளுக்கு அந்த அசைவு புரிந்தது. ஆத்தா என்றது. தூங்கு ஆத்தா என்றது. நான் பாத்துக்கிறேன் என்றது, கை அடுப்பைக் காட்டியது. எத்தனை நாளாயிற்று, அவளை யாராவது தூங்கச் சொல்லி! சுவரில் சாய்ந்தாள். ஸ்டோரின் கதவிடுக்கு வழியாக காய்ந்துகொண்டிருக்கும் ஏலக்காயின் காரமான வாசனை வந்து மூக்கை நிறைத்தது, சூடு முதுகில் ஏறியது, கண் தானாக மூடியது, மூடிய கண்ணுக்கு மேல் ஏதோ வெள்ளையாக மாறுவது தெரிந்தது.

மஞ்சு.

"ஆத்தா, யாரு அது அடுப்புகிட்ட?"

அன்னக்கொடி விழித்தாள். பொன்னுமணி எழுந்து நின்றிருந்தாள். அவளுக்கும் கேட்டது. தன் குரல் தன்னை விட்டு அங்கே நின்று பேசுவதை அவள் கேட்டாள். கழுத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"என் எடத்துல யாரு ஆத்தா ஒக்காந்திருக்கா? நான் வரட்டா?"

பொன்னுமணி தலையை ஆட்டினாள். உதடுகள் வேகமாக அசைந்தன. வேணாம் ஆத்தா. வேணாம். ஆத்தாளின் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். இவ்வளவு நேரம் நெருப்போரம் இருந்த கை. சில்லென்றிருந்தது.

அந்தக் கைக்குள் மூச்சு விட்டபடி அன்னக்கொடி நினைத்தாள். இவள் இங்கே இருக்கிறாள், இவளுடையது அங்கே கிடக்கிறது. நடுவில் ஒரு சரிவுதான். கூப்பிட்டுப் பிரித்தவள் நான்தானே, நான்தானே கூப்பிட்டுச் சேர்க்கவும் வேண்டும், ஒரே ஒரு தடவை, இப்போதே, இவள் பக்கத்தில் நிற்கும்போதே கூப்பிட்டால் அது நேராக இவளிடம் வந்துவிடாதா, வந்துவிட்டால் இவள் பேசுவாள், நான் தூங்கலாம், பள்ளம் அடங்கும், நாளைக்கு ஜக்கையன் வரும்போது இவள் அவனோடு வாயாடிக்கொண்டு நிற்பாள். இதைத்தவிர வேறு எதையும் நினைக்க அவளிடம் தெம்பு இல்லை.

மகளின் கையை விலக்கினாள்.

"பொன்னுமணீ... வாடீ தாயி."

பள்ளம் அமைதியானது.

இலை அசையவில்லை. சருகு நொறுங்கவில்லை. ஏறி வருகிற எதற்கும் இருக்கவேண்டிய மூச்சிரைப்பு இல்லை.

"வர்றேன் ஆத்தா."

பாதிச் சரிவில்.

"வந்துட்டேன்."

விறகு அடுக்குக்குப் பின்னால்.

பொன்னுமணி பின்வாங்கினாள். முதுகு சுவரில் இடித்தது. வேணாம், வேணாம் என்றன உதடுகள். அன்னக்கொடி மகளின் இரண்டு கன்னங்களையும் பிடித்துக்கொண்டாள். "பயப்படாதத்தா. ஓன் சத்தந்தான். ஒங்கிட்டத்தான் வருது. வாயத் தெற."

"எம்புட்டு நாளாக் கூப்புடுறேன்," என்றது சுவருக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

வேணாம், என்றன உதடுகள்.

"எம்புட்டு நாளா."

வேணாம்.

"பசிக்குது ஆத்தா."

உதடுகள் தடுமாறின. நின்றன. குரலுக்குச் சற்றுப் பிந்தி, பாடம் ஒப்பிக்கிறவள் போல, பசிக்குது ஆத்தா என்று அசைந்தன.

அன்னக்கொடி கையை எடுக்க நினைத்தாள். எடுக்க முடியவில்லை.

"குளிருது."

உதடுகள் இப்போது பிந்தவில்லை.

"ஓம் பக்கத்துல ஒக்காந்துக்கிறேன்."

ஒன்றாக. சொல்லுக்குச் சொல். வாய் மெல்ல விரிந்து சிரித்தது. பொன்னுமணி ஒருநாளும் அப்படிச் சிரித்ததில்லை. அந்தச் சிரிப்புக்கு மேலே கண்கள் மட்டும் இன்னும் அவள் மகளுடையவையாகவே இருந்தன. அவை சிரிக்கவில்லை. இமைக்காமல், ஆத்தாளை விட்டு நகராமல், வேணாம் வேணாம் என்றே பார்த்துக்கொண்டிருந்தன. நிறைந்தன. வழிந்தன. கன்னத்தில் இறங்கிய நீர் வாயோரம் வந்து நின்றபோது, நாக்கு நீண்டு அதைத் தொட்டு உள்ளே இழுத்துச் சுவைத்தது.

"உப்பா இருக்கு ஆத்தா," என்றது.

இந்த முறை சத்தம் வெளியிலிருந்து வரவில்லை.